தீபாவளிக்கு முன்னும் பின்னும்: ஜொகூரிலிருந்து எங்கே பறக்கலாம்?

செப்டம்பர் பிறந்தால் ஜொகூர் பாருவின் பேரங்காடிகளில் உள்ள பயண முகவர் கடைகளில் செக்கச் சிவந்த இலைகள் படமாகத் தொங்க ஆரம்பித்துவிடும். கியோத்தோவில் ஒரு கோயில் வாசல், சோல் நகரத்தில் ஓர் அரண்மனை, சுவிட்சர்லாந்தில் ஓர் ஏரிக்கரை. மேலே ‘இலையுதிர் காலச் சலுகை’ என்று கொட்டை எழுத்து. கடைக்கு வெளியே அடிப்பது வருடம் முழுக்க அடிக்கும் அதே வெயில். பூமத்தியரேகைக்கு ஒன்றரை டிகிரி வடக்கே இருக்கும் ஊரில் மரங்கள் மாதம் பார்த்து இலை உதிர்ப்பதில்லை.

ஆனாலும் செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலான மாதங்கள் ஜொகூர்க் குடும்பங்கள் வெளிநாடு போவதற்கு நல்ல மாதங்கள்தான். எங்கே போவது என்பதை அந்தப் படங்களைப் பார்த்து முடிவு செய்யாமல், மழையையும் அடுத்தவர் விடுமுறையையும் நம் பஞ்சாங்கத்தையும் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

முதலில் சொந்த ஊர் மழை. வடகிழக்குப் பருவமழை மலேசியாவில் நவம்பர் வாக்கில் பிடித்து மார்ச் வரை நீடிக்கும். ஜொகூரில் அது வலுத்து அடிப்பது டிசம்பரிலும் ஜனவரியிலும். 2006 டிசம்பரில் ஒரு முறை, 2007 ஜனவரியில் மறுபடியும் ஒரு முறை என்று கோத்தா திங்கியும் சிகாமட்டும் மூழ்கியதை அந்தப் பக்கத்து மக்கள் இன்னும் மறக்கவில்லை. தாழ்வான இடத்தில் வீடு வைத்திருப்பவர்கள் பள்ளி விடுமுறை கிடைத்தது என்பதற்காக டிசம்பரில் கதவைப் பூட்டிவிட்டுப் பத்து நாள் வெளிநாடு போகத் துணியமாட்டார்கள். உள்ளூரிலேயே கடலைப் பார்க்கலாம் என்றாலும் வழியில்லை. மெர்சிங்கிலிருந்து படகேறிப் போகும் தீவுகளில் பல விடுதிகள் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை மூடிக்கிடக்கும்.

மழைக்கு முந்தைய செப்டம்பர், அக்டோபரில் வேறொரு தொல்லை உண்டு. சுமத்ராவிலும் கலிமந்தானிலும் சதுப்பு நிலக் காடுகள் எரியும் ஆண்டுகளில் புகைமூட்டம் ஜொகூர் வரை வந்து கவியும். 2015-இலும் 2019-இலும் அப்படித்தான் நடந்தது. மூச்சிரைப்பு உள்ள பெரியவர்களை அந்த வாரங்களில் நல்ல காற்றுள்ள இடத்துக்கு அழைத்துப் போக முடிந்தால், அதுவே பயணத்துக்குப் போதுமான காரணம்.

விலையும் இந்த மாதங்களுக்குச் சாதகமாக இருக்கிறது. ஒரே விமானத்தில் உள்ள இருக்கைகளை நிறுவனங்கள் பல விலைப் படிகளாகப் பிரித்து விற்கின்றன. மலிவான படி முதலில் தீரும். பிறகு அடுத்த படி திறக்கும். ஆள் குறைவான மாதத்தில் மலிவான படி நெடுநாள் திறந்தே கிடக்கும். ஐரோப்பாவின் கோடை விடுமுறை ஆகஸ்டோடு முடிந்துவிடுகிறது. உலகமே கிளம்பும் டிசம்பர் இன்னும் வரவில்லை. இடைப்பட்ட இந்தக் காலத்தில் விடுதிகளும் விமானங்களும் வாடிக்கையாளரைத் தேடுகின்றன. 2026 முதல் மலேசியப் பள்ளி ஆண்டு பழையபடி ஜனவரியில் தொடங்குவதால், நீண்ட விடுமுறை மீண்டும் டிசம்பருக்கே வந்திருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் வீடுகள் அப்போதுதான் நகரும். பணி ஓய்வு பெற்றவர்கள், புதுமணத் தம்பதிகள், பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போய்விட்ட பெற்றோர், சிங்கப்பூரில் ஷிப்ட் வேலை பார்த்து விடுப்பைச் சேர்த்து வைத்திருப்பவர்கள் ஆகியோருக்கு அந்த நெரிசலில் நசுங்க வேண்டிய கட்டாயம் இல்லை.

ஜொகூர்க்காரருக்கு இன்னொரு வசதியும் உண்டு. அவருக்கு எட்டும் தூரத்தில் மூன்று விமான நிலையங்கள் இருக்கின்றன. செனாய் வீட்டுப் பக்கம். ஆனால் அங்கிருந்து நேராகப் போகக்கூடிய வெளிநாட்டு ஊர்கள் சில மட்டுமே. கோலாலம்பூர் விமான நிலையத்துக்கு நெடுஞ்சாலையில் சில மணி நேரம். சாங்கியோ பாலத்துக்கு அந்தப் பக்கம். சாங்கியிலிருந்து சென்னை, திருச்சி, மதுரை, கோயம்புத்தூர் எல்லாவற்றுக்கும் நேரடி விமானம் உண்டு; உலகின் மற்ற மூலைகளுக்கும் அப்படியே. ஆனால் அங்கே பயணச்சீட்டின் விலை சிங்கப்பூர் டாலரில். அதற்குள் அடங்கிய விமான நிலையக் கட்டணமும் வரியும் மட்டுமே 60 டாலருக்கு மேல். நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு இதை ரிங்கிட்டில் பெருக்கிப் பார்த்த பிறகுதான் கோலாலம்பூரா சாங்கியா என்று தீர்மானிக்க வேண்டும்.

சாங்கி என்று முடிவானால் சிங்கப்பூரின் நாட்காட்டியும் நம்முடையதாகிவிடும். செப்டம்பர் தொடக்கத்தில் அங்கே ஒரு வாரப் பள்ளி விடுமுறை. அக்டோபரில் கார்ப் பந்தயம் நடக்கும் வார இறுதியில் (2026-இல் அக்டோபர் 9 முதல் 11 வரை) அந்த நகருக்குள் நுழைவதும் தங்குவதும் விலை கூடிய காரியம். கஸ்டம் நெரிசலோ தனிக்கதை. ஜொகூரின் வார விடுமுறை 2014 முதல் வெள்ளி, சனியாக இருந்தது. 2025 ஜனவரி 1 முதல் மறுபடியும் சனி, ஞாயிறாகிவிட்டது. முன்பு இரு கரைகளின் விடுமுறையும் பாதிதான் ஒத்துப்போகும். இப்போது எல்லோருக்கும் வெள்ளிக்கிழமை மாலைதான் கிளம்பும் நேரம். புக்கிட் சாகாரையும் உட்லண்ட்ஸ் நார்த்தையும் இணைக்கும் ஆர்டிஎஸ் ரயில் 2026 இறுதிவாக்கில் ஓட வேண்டும் என்பது திட்டம். அது ஓடும்வரை, விமானம் பிடிப்பவர் வாரத்தின் நடுநாளைத் தேர்ந்தெடுத்தால் பாதிப் பதற்றம் குறையும். சாங்கிக்குப் போவதற்காக மட்டுமே பாலம் கடந்தாலும் சிங்கப்பூரின் வருகை அட்டையை இணையத்தில் நிரப்பியாக வேண்டும் என்பதையும் சிலர் கடைசி நேரத்தில்தான் நினைவுகூர்கிறார்கள்.

இனி இடங்கள். இதில் மழைதான் முதல் நீதிபதி.

அக்டோபரில் காற்று திசை மாறத் தொடங்கும். வடகிழக்கிலிருந்து வீசும் காற்று தென் சீனக் கடலையும் வங்காள விரிகுடாவையும் கடந்து வரும் வழியில் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து, கிழக்கு நோக்கிய கரைகளில் கொட்டுகிறது. மத்திய வியட்னாம், தென் தாய்லாந்தின் வளைகுடாப் பக்கம், நம் கிழக்குக் கரை, தமிழ்நாடு, இலங்கையின் கிழக்கு எல்லாமே இந்தக் கணக்கில் வரும். இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் பாதி ஊர்களைத் தாமாகவே வடிகட்டிவிடலாம்.

2025-இல் நடந்ததைப் பாருங்கள். அக்டோபர் கடைசியில் மத்திய வியட்னாமில் பாக் மா மலைப் பகுதியில் ஒரே நாளில் 1,700 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. சென்னை ஒரு வருடம் முழுக்கப் பெறும் மழையைவிட அது அதிகம். காகித விளக்குகளுக்குப் பெயர்போன ஹோய் ஆன் பழைய நகரத்தின் தெருக்களில் படகு போனது. நவம்பர் மூன்றாம் வாரத்தில் தென் தாய்லாந்தில் ஹாட்யாயின் முறை. 21-ஆம் தேதி ஒரே நாளில் 335 மில்லிமீட்டர். மலேசியர்கள் கார் எடுத்துக்கொண்டு சாப்பிடவும் சாமான் வாங்கவும் போய்வரும் ஊர் அது. ஆயிரக்கணக்கான மலேசியப் பயணிகள் மின்சாரமும் உணவும் இல்லாமல் விடுதிகளின் மேல்மாடிகளில் சிக்கிக்கொண்டார்கள். அதே மாதக் கடைசியில் ‘டிட்வா’ புயல் இலங்கையைச் சூறையாடியது. மூன்றுமே பருவகாலத்துக்குள் வந்த மழைதான். அளவுதான் யாரும் எதிர்பாராதது.

ஹோய் ஆனும் ஹாட்யாயும் அழகான ஊர்கள் இல்லை என்று சொல்ல வரவில்லை. அவற்றுக்கு வேறு மாதங்கள் இருக்கின்றன. வியட்னாமுக்கே போக ஆசையென்றால் அக்டோபர், நவம்பரில் வடக்கே ஹனோய்க்குப் போகலாம். புயல் மாதங்கள் கழிந்து, ஈரம் வற்றி, காற்று இதமாகும் காலம் அங்கே அதுதான். தாய்லாந்திலும் அப்படியே. செப்டம்பரில் பேங்காக் நனையும். அக்டோபர் முடியும்போது மழை விலகி, நவம்பரில் பகலில் நடக்கக்கூடிய பதம் வந்துவிடும்.

பேங்காக் விஷயத்தில் மட்டும், மழையைப் பொருட்படுத்தாமல் குடை எடுத்துக்கொண்டு அக்டோபரிலேயே போக ஒரு தமிழருக்குக் காரணம் இருக்கிறது. சீலோம் பகுதியில் தாய்லாந்து மக்கள் ‘வாட் கேக்’ என்றழைக்கும் ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில், 19-ஆம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய தமிழர்கள் கட்டியது. நவராத்திரி ஒன்பது நாளும் அங்கே கூடுபவர்களில் மிகப் பெரும்பாலோர் தாய்லாந்து நாட்டவர்களே. விஜயதசமி இரவு அம்மன் ஊர்வலம் கிளம்பும்போது சாலையை மூடிவிடுவார்கள். வழியெங்கும் சாமந்தியும் விளக்கும் பழத்தட்டும் வைத்து, தெருவிலேயே பூசை மேடை போட்டு, வெள்ளை உடையில் உட்கார்ந்திருப்பார்கள். தமிழ் ஒரு சொல்லும் தெரியாத மக்கள் மாரியம்மனுக்காக நள்ளிரவு வரை காத்திருப்பதைப் பார்ப்பதற்காகவே ஒரு பயணம் போகலாம்.

புரட்டாசி விரதம் பிடிக்கும் வீடுகளுக்கு இன்னொரு வசதி. சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்தின் முதல் ஒன்பது நாட்கள் தாய்லாந்தில் சைவ உணவுத் திருவிழா. பேங்காக்கின் யாவராட் வீதியிலும் புக்கெட்டிலும் மஞ்சள் கொடி பறக்கும் கடைகளில் எல்லாம் சைவம்; வெங்காயம், பூண்டு கூடச் சேர்க்கமாட்டார்கள். இந்த விழா எல்லா ஆண்டும் நவராத்திரியோடு ஒத்துப்போவதில்லை. 2025-இல் ஏறக்குறைய ஒரு மாதம் தள்ளிப்போனது. 2026-இல் இரண்டும் அக்டோபர் இரண்டாம் வாரத்தில் ஏறத்தாழ ஒன்றாகவே தொடங்குகின்றன. புரட்டாசியும் அப்போது முடிந்திருக்காது. வெளிநாட்டில் சைவச் சாப்பாட்டுக்கு அலைய நேரும் என்று தயங்கி நிற்கும் அம்மாக்களை இந்த ஒரு தகவல் சம்மதிக்க வைக்கும். தாய்லாந்துக்கு விசா வேண்டாம்; ஆனால் 2025 மே முதல் மின்னிலக்க வருகை அட்டையை நிரப்ப வேண்டும்.

மழையைத் தாண்டினால் அடுத்து மனிதக் கூட்டம். பதாகையில் தொங்கும் அந்தச் சிவந்த இலைகளின் நாடுகளில் இலையுதிர் காலம் அமைதியான காலமே அல்ல. அங்குள்ளவர்களுக்கு அது பெருவிழாக் காலம். 2026-இல் ஜப்பானில் செப்டம்பர் 19 முதல் 23 வரை தொடர் விடுமுறை. ரயில்கள் நிரம்பி வழியும். கொரியர்களின் அறுவடைத் திருநாளான சூசொக் அதே மாதம் 25-ஆம் தேதி. அதை ஒட்டிய நாட்களில் சோல் நகரமே சொந்த ஊருக்குக் கிளம்பும். சின்னக் கடைகள் பலவும் பூட்டியிருக்கும். சீனாவில் அக்டோபர் முதல் வாரம் தேசிய நாள் விடுமுறை. மலேசியர்களுக்குச் சீனா விசா இல்லாமல் திறந்திருப்பது உண்மைதான். அந்த வாரத்தில் மட்டும் பெருஞ்சுவர்ப் பக்கம் போகாமலிருப்பது நல்லது. அந்த நாட்டின் கோடிக்கணக்கான மக்கள் அப்போதுதான் தங்கள் நாட்டைச் சுற்றிப் பார்க்கிறார்கள்.

இலைகளையே பார்க்க வேண்டுமென்றால் கியோத்தோவை விட்டுவிடலாம். அங்கே நிறம் முற்றுவது நவம்பர் பின்பாதியில். கோயில்களில் நிற்க இடம் இருக்காது. ஜப்பானில் இலைகள் சிவக்கத் தொடங்குவது வடக்கிலிருந்து. ஹொக்கைடோவின் மலைகளில் செப்டம்பரிலேயே ஆரம்பித்துவிடும். தொஹோகு வட்டாரத்தில் தொவாடா ஏரியையும் ஒய்ராசே ஓடையையும் சுற்றி அக்டோபர் கடைசியில் உச்சம். அந்த இரண்டு இடங்களும் கியோத்தோவுக்குக் குறைந்தவை அல்ல. சிப் பதித்த மலேசியக் கடப்பிதழுக்கு ஜப்பானில் விசா தேவையில்லை.

இலை உதிர்வதைவிடப் பூ மலர்வது மேல் என்று நினைப்பவர்கள் தெற்கே பார்க்கலாம். பூமியின் அந்தப் பாதியில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை வசந்தம். சாங்கியிலிருந்து ஐந்து மணி நேரப் பறப்பில் பெர்த். அங்கும் நமக்கும் ஒரே நேரம். கடிகாரத்தைத் திருப்ப வேண்டாம், தூக்கம் கெடாது. வயதான பெற்றோரை அழைத்துப் போகிறவர்களுக்கு இதைவிடச் சுலபமான தொலைதூர ஊர் இல்லை. நகரத்துக்குள்ளேயே, ஸ்வான் ஆற்றைப் பார்த்தபடி 400 ஹெக்டேர் பரப்பில் கிங்ஸ் பார்க் இருக்கிறது. மேற்கு ஆஸ்திரேலியாவின் காட்டுப்பூக்களை ஊர் ஊராகத் தேடிப் போக முடியாதவர்களுக்காகவே வளர்த்ததுபோல், சிவப்பும் பச்சையுமான கங்காருப் பாதப் பூவும் வைக்கோல் போல் சலசலக்கும் எவர்லாஸ்டிங் பூவும் செப்டம்பரில் அங்கே விரிந்து கிடக்கும். படகில் ராட்னெஸ்ட் தீவுக்குப் போனால், சிரித்த முகம் கொண்ட குவொக்கா என்ற சிறு விலங்கு காலடியில் வந்து நிற்கும். பேரப்பிள்ளைகள் கூட இருந்தால் அதைவிட்டுக் கிளம்ப மாட்டார்கள். அங்குள்ள பள்ளிகளின் இரண்டு வார வசந்த விடுமுறை செப்டம்பர் கடைசியில் தொடங்கும். அதற்கு முன்போ, அக்டோபர் நடுவுக்குப் பின்போ போவது நல்லது. ஆஸ்திரேலியாவுக்கு மலேசியர்கள் மின்னணு பயண அனுமதியைக் கைப்பேசிச் செயலி வழியாக முன்கூட்டியே வாங்க வேண்டும்.

ஐரோப்பாவைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். செப்டம்பர், அக்டோபர் முற்பாதியில் கிரீஸ், போர்ச்சுகல், தெற்கு இத்தாலி: கடல் மெதுவாகத்தான் ஆறும் என்பதால் தண்ணீர் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும், கோடைக் கூட்டம் போயிருக்கும். அக்டோபரின் கடைசி ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள்; அதன்பின் மாலை சட்டென்று இருட்டிவிடும், கிரேக்கத் தீவுகளில் விடுதிகளும் படகுகளும் குறைந்துவிடும். நவம்பர் ஐரோப்பாவை மலிவு என்ற ஒரே காரணத்துக்காக வாங்குபவர்கள் இதையும் சேர்த்தே வாங்குகிறார்கள். பிரிட்டனுக்கு 2025 ஜனவரி முதல் மலேசியர்களுக்கும் மின்னணு பயண அனுமதி தேவை.

செலவும் தூரமும் வேண்டாம், இரண்டு நாள் போதும் என்பவர்களுக்கு ஸ்தூலாங் லாவுட் படகுத்துறையே போதும். அங்கிருந்து பாத்தாமுக்கும் தஞ்சோங் பினாங்குக்கும் படகு உண்டு. பெரும்பாலோர் பாத்தாமில் இறங்கி, கடல் உணவும் கடைகளுமாகத் திரும்பிவிடுகிறார்கள். தஞ்சோங் பினாங்கிலிருந்து பொம்பொங் என்ற சிறு மரப்படகில் கால் மணி நேரம் போனால் பெஞெங்காட் தீவு. ஒரு காலத்தில் ஜொகூரோடு ஒரே அரசாக இருந்த ரியாவின் நினைவு அங்கே மஞ்சள் பள்ளிவாசலாகவும் சிதைந்த அரண்மனைகளாகவும் கிடக்கிறது. 1824-இல் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் ஓர் ஒப்பந்தம் போட்டுக் கடலின் நடுவே கோடு கிழித்த பிறகுதான் இக்கரையும் அக்கரையும் இரண்டு நாடுகள் ஆயின. மலாய் இலக்கியத்தின் பெரும் பெயரான ராஜா அலி ஹாஜி அடங்கியிருப்பதும் அந்தத் தீவில்தான். ஜொகூரில் பள்ளிப் பாடமாக வரலாறு படித்த ஒவ்வொருவரும் ஒரு முறையாவது மிதிக்க வேண்டிய மண் அது. வார இறுதியைத் தவிர்த்து, புகைமூட்டம் இல்லாத வாரமாகப் பார்த்துப் போனால் தீவே நமக்காகக் காத்திருப்பது போலிருக்கும்.

தமிழ்நாடு? கூலாயிலும் குளுவாங்கிலும் எந்தத் தமிழ் வீட்டில் பயணப் பேச்சு எடுத்தாலும் அது திருச்சியில்தான் போய் முடியும். இந்த மூன்று மாதங்களில் அங்கே போவது பற்றிக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பெய்துவிடுகிறது. சென்னைக்கு அந்தப் பங்கு இன்னும் அதிகம். 2023 டிசம்பரில் ‘மிக்ஜாம்’ புயல் சென்னையை முழங்கால் நீரில் நிறுத்தியது. 2024 நவம்பர் கடைசியில் ‘ஃபெஞ்சல்’ புதுச்சேரி அருகே கரை கடந்து விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை வரை வெள்ளம் கொண்டுவந்தது. கூட்டத்துக்கும் குறைவில்லை. புரட்டாசியில் திருமலை பிரம்மோற்சவம், கார்த்திகை பிறந்தால் சபரிமலை மண்டல காலம், தீபத்துக்குத் திருவண்ணாமலை. பக்தியோடு போகிறவர்கள் எப்போதும் போவார்கள்; போகவும் வேண்டும். ஊர் சுற்றிப் பார்க்கவும் உறவினர் வீடுகளில் தங்கவும் துணி எடுக்கவும் போகிறவர்களுக்கு ஜனவரி, பிப்ரவரி எவ்வளவோ மேல். இந்தியாவுக்கே இப்போது போக வேண்டுமென்றால் வடக்கே திரும்பலாம். ராஜஸ்தானில் அக்டோபர் பிற்பாதியிலிருந்து வெயில் தணிந்து, ஜெய்ப்பூரும் உதய்ப்பூரும் ஜெய்சல்மேரும் இதமாகும்.

செப்டம்பரில் கோலாலம்பூரில் நடக்கும் மாத்தா பயணக் கண்காட்சிக்குப் போகிறவர்கள் இவ்வளவையும் மனத்தில் வைத்துக்கொண்டு பதாகைகளைப் படிக்கலாம். முகவரிடம் விலை கேட்பதற்கு முன், போகும் ஊரில் அந்த வாரம் பள்ளி விடுமுறையா, மழை எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று கேட்பது நல்லது. பயணக் காப்புறுதியைச் சீட்டு வாங்கும் அன்றே எடுத்துவிட வேண்டும். புயல் அறிவிப்பு வந்த பிறகு எடுத்தால் அந்தப் புயலால் வரும் இழப்புக்குக் காப்பு கிடைக்காது. கடப்பிதழில் ஆறு மாதக் கெடு இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

2026-இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் திங்கள் பதில் விடுமுறை. வந்தவர்களை உபசரித்து, மிச்சப் பலகாரத்தைப் பங்கிட்டுக் கொடுத்து முடிக்க அந்த நாள் போதும். சிங்கப்பூரின் ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை 21-ஆம் தேதி தொடங்கி, சாங்கியின் விலைப் படிகள் ஏற ஆரம்பிக்கும். செவ்வாய் 10-ஆம் தேதிக்கும் வெள்ளி 20-ஆம் தேதிக்கும் நடுவே கிடைக்கும் அந்த நாட்களில் பேங்காக்கில் மழை ஓய்ந்திருக்கும், பெர்த்தில் கோடை வெயில் இன்னும் ஏறியிருக்காது, ஹனோயில் காலையில் ஒரு மெல்லிய மேலாடை போட்டுக்கொண்டு ஹோவான் கியம் ஏரியைச் சுற்றி நடக்கலாம்.